தழும்போடு எழுந்தவர்: தாம்பரம் வட்டாரத்தில் ஈஸ்டர்

ஈஸ்டர் ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்குச் சேலையூர்ப் பக்கம் தெருவில் இறங்கினால், இருட்டில் வெள்ளை வெள்ளையாக ஆட்கள் நடந்து போவது தெரியும். புதுப்புடவையின் மொடமொடப்பு, தோளில் தூங்கும் குழந்தை, கக்கத்தில் பைபிள். ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் ராத்திரி உதிர்ந்த பூ மண்ணை மூடிக் கிடக்கும். அதை மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும். கசப்பும் தேனும் கலந்த அந்த வாசனைதான் எனக்கு ஈஸ்டரின் வாசனை.

உலகம் இதை வசந்த விழா என்கிறது. பனி உருகி, மொட்டு வெடித்து, ஆட்டுக்குட்டிகள் துள்ளும் நாட்களில் ஐரோப்பா இந்த நாளைக் கொண்டாடுகிறது. வாழ்த்து அட்டைகளில் முயலும் முட்டையும் லில்லிப் பூவும் வருவது அதனால்தான். தாம்பரத்துக்கு அப்போது பங்குனி வெயில். கிணறு இறங்கியிருக்கும், பள்ளிகளில் முழுப்பரீட்சை நடக்கும். வசந்தம் என்ற போர்வையை எடுத்துவிட்டால் இந்த நாளில் மிஞ்சுவது என்ன? பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ரயில் பாதையை ஒட்டி நீளும் இந்தப் புறநகரில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. மக்கள், லுத்தரன் சபையார், கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள், ஆங்கிலோ இந்தியர், பெந்தெகொஸ்தே சபையார் எல்லாரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறார்கள். இவர்களின் வழக்கங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கிறது. என் துணிபை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வசந்தம் வந்தால் குளிர்காலத்தின் சுவடு அழிந்துபோகும். உயிர்த்தெழுந்தவரின் உடலிலோ ஆணித் தழும்பு அழியவில்லை. அந்தத் தழும்பைக் காட்டச் சொல்லிக் கேட்டவரின் பெயரைத் தாங்கிய மலை நம் பக்கத்தில் இருக்கிறது. ஈஸ்டரின் பொருளை நெருங்கிப் பார்க்க இந்த வட்டாரம் நல்ல இடம்.

பெயரும் நிலவும்

'ஈஸ்டர்' என்ற சொல்லுக்கு வேர் தேடினால் இங்கிலாந்துத் துறவி பீட் 725 வாக்கில் எழுதிய காலக்கணித நூலுக்குப் போக வேண்டும். ஏயோஸ்த்ரே என்னும் தேவதையின் பெயரால் அமைந்த மாதத்திலிருந்து இப்பெயர் வந்ததாக அவர் சொல்கிறார். அந்தத் தேவதையைப் பற்றி அவருக்கு முன் யாரும் எழுதியதாகச் சான்றில்லை. ஆங்கிலமும் ஜெர்மனும் இந்த வழியில் பெயரிட, பிற மொழிகள் பலவும் பழைய எபிரேயச் சொல்லான 'பெசாக்' என்பதன் பிள்ளைகளையே வைத்துக்கொண்டன. தமிழ்க் கத்தோலிக்கரின் 'பாஸ்கா'வும் மலையாளிகளின் 'பெசஹா'வும் அந்தக் குடும்பம். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட யூத மக்களின் கடந்துபோதல் விழா அது. ஆகவே இந்தப் பண்டிகையின் அடியில் பருவத்தை விட விடுதலையே அழுத்தமாகக் கிடக்கிறது.

நாளைக் குறிப்பதில் முதல் சில நூற்றாண்டுகள் வழக்காடின. யூதர்களின் நிசான் மாதம் 14ஆம் நாளிலேயே கொண்டாட வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். ஞாயிறுதான் என்றார்கள் மறு சாரார். 325இல் நிசேயாவில் கூடிய சங்கம் எல்லாரும் ஒரே ஞாயிறைக் கைக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தது. மார்ச் 21ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பது நிலைத்த கணக்கு. அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் எந்த ஞாயிற்றிலும் ஈஸ்டர் விழலாம்.

இந்தக் கணக்கில் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று இருக்கிறது. அந்த முழுநிலவு பெரும்பாலும் நம் பங்குனி நிலவு. சில ஆண்டுகளில் சித்திரை நிலவு. 2024இல் பங்குனி உத்திரம் மார்ச் 25, ஈஸ்டர் மார்ச் 31. 2022இல் சித்ரா பௌர்ணமி ஏப்ரல் 16, மறுநாளே ஈஸ்டர். மயிலையில் கபாலீசுவரரின் பங்குனிப் பெருவிழாவுக்கும் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் ஒளி தரும் அதே நிலவுதான் ஈஸ்டருக்கும் நாள் குறிக்கிறது. நம் இலக்கண மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தபோது மாசி பங்குனியைப் பின்பனி என்றும் சித்திரை வைகாசியை இளவேனில் என்றும் வைத்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஈஸ்டர் வருகிறது. நமக்கும் ஒரு வசந்தம் உண்டு. அது வேப்பம்பூ பூக்கும் வசந்தம், கசப்பை உள்ளே வைத்திருக்கும் வசந்தம்.

திருநீறும் ஓலையும்

ஈஸ்டருக்கு முன் 46 நாள் தள்ளி வரும் புதன்கிழமையில் தவக்காலம் தொடங்குகிறது. நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். சி.எஸ்.ஐ., லுத்தரன் வீடுகளில் இது 'லெந்து நாட்கள்'. தொடங்கும் நாள் 'சாம்பல் புதன்'. கத்தோலிக்கர் அதே நாளை 'விபூதிப் புதன்', 'திருநீற்றுப் புதன்' என்கிறார்கள். நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்வதற்கு இந்த மண்ணில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. அதை எடுத்துக்கொள்ள அவர்கள் தயங்கவில்லை. உண்ணா நோன்புக்கும் அப்படியே. ஒருவேளை மட்டும் உண்பது 'ஒருசந்தி'. இறைச்சி விலக்குவது 'சுத்தபோசனம்'. ஒருசந்தி இருக்கும் கத்தோலிக்கப் பாட்டியும் புரட்டாசிச் சனிக்கிழமையில் ஒருசந்தி இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் ஒரே சொல்லால் ஒரே பசியைச் சொல்லுகிறார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. இயேசு கழுதை மேல் எருசலேமுக்குள் வந்தபோது மக்கள் கிளைகளோடு வரவேற்றதை நினைவுகூரும் பவனி. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எருசலேமுக்குப் போன எகேரியா என்ற பெண் யாத்திரிகர், பனையோலையும் ஒலிவக் கிளையும் ஏந்திக் குழந்தைகள் வந்ததையும், நடக்க முடியாத சிறுசுகள் பெற்றோர் தோளில் ஏறி வந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். இந்த வழக்கம் வடக்கே போனபோது சிக்கல் வந்தது. அங்கே பனை ஏது? போலந்திலும் ரஷ்யாவிலும் வில்லோ மரக்கிளையைப் பிடித்தார்கள். இங்கிலாந்தில் யூ மரக்கிளை. வசந்த முட்டையும் முயலும் நமக்கு எவ்வளவு தூரமோ, ஓலை அவர்களுக்கு அவ்வளவு தூரம். நமக்கு அது வீட்டுப் பொருள். கல்யாணப் பந்தலிலும் கோயில் கொடையிலும் தோரணம் கட்டுகிற அதே இளமஞ்சள் குருத்துத்தான் கையில் வருகிறது.

பவனி முடிந்து வரிசையில் உட்கார்ந்ததும் பிள்ளைகள் விரல் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஈர்க்கிலிருந்து ஓலையை உரித்து, ஒரு முனையை விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, நீளத்தைக் குறுக்கே மடக்கி, நுனியை முடிச்சுக்குள் செருகி மெல்ல இழுத்தால் சிலுவை நிற்கும். இழுப்பு கூடினால் ஓலை பிளந்துவிடும். பெரியவள் மடித்ததைப் பார்த்துச் சின்னவன் மடிப்பான். இது எழுதிவைக்காத பாடம். நானும் முன்வரிசை அக்காள் ஒருத்தியின் விரல்களைப் பார்த்தே கற்றேன். வீட்டுக்கு வந்த சிலுவை சுவாமி படத்துக்குப் பின்னால் செருகப்படும். ஆண்டு முழுவதும் அங்கேயே இருந்து மஞ்சள் பழுப்பாகிச் சுருளும். அடுத்த தவக்காலம் தொடங்கும் முன் கத்தோலிக்கர் அதைக் கோவிலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதை எரித்த சாம்பல்தான் விபூதிப் புதனன்று நெற்றியில் வருகிறது. நேற்றைய வாழ்த்தொலி இன்றைய சாம்பல் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பிரசங்கமும் சொல்லிவிட முடியாது.

வியாழன், வெள்ளி

பெரிய வியாழன் மாலை, கடைசி இராவுணவின் நினைவு. கத்தோலிக்கக் கோவில்களில் பங்குத்தந்தை முழந்தாளிட்டுப் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுகிறார். அந்தப் பன்னிரண்டில் பெண்களும் இருக்கலாம் என்று போப் பிரான்சிஸ் 2016இல் விதியைத் திருத்தினார்.

அன்றிரவு தாம்பரம் பக்கத்து மலையாள வீடுகளில் பெசஹா அப்பம் செய்வார்கள். பச்சரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்க விடாமல் ஆவியில் வேகவைத்த அப்பம். குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலைச் சிலுவை அதன் நடுவில் படுத்திருக்கும். தேங்காய்ப் பாலில் வெல்லம் காய்ச்சிய 'பால்' பக்கத்தில். குடும்பத் தலைவர் ஜெபித்து வெட்டி, வயதில் மூத்தவர் தொடங்கி ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். அந்த ஆண்டில் சாவு விழுந்த வீட்டில் இந்த அப்பம் செய்வதில்லை. உறவினரோ அக்கம்பக்கத்தாரோ கொண்டுபோய்க் கொடுப்பது மரபு. துக்கத்தை மறைக்கச் சொல்லாமல், அதற்கு ஒரு இடம் விட்டு, அந்த இடத்தை மற்றவர் கையால் நிரப்பும் இந்த ஏற்பாடு ஈஸ்டரைப் பற்றிப் பெரிய உண்மை ஒன்றைச் சொல்லுகிறது.

பெரிய வெள்ளியன்று சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆலயங்களில் பகல் 12 மணிக்குத் தொடங்கி 3 மணி வரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பிரித்துக்கொண்டு பேசுவார்கள். நாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று பொதுவாகச் சொல்லிவிடும் இந்த ஆராதனை உண்மையில் பெரு நாட்டின் லிமா நகரில் பிறந்தது. 1687இல் அந்நகரைக் குலுக்கிய நிலநடுக்கத்தை அடுத்து அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குரு தொடங்கியது அது. ஐரோப்பாவுக்குப் போய், பின்பு ஆங்கிலிக்கன் ஆலயங்களுக்குள் நுழைந்து, அவர்கள் வழியாக நம்மிடம் வந்தது. இடிந்த ஊர் ஒன்றின் துக்கத்தில் பிறந்த வழிபாடு என்று தெரிந்த பிறகு அந்த மூன்று மணி நேரம் எனக்கு முன்னை விடக் கனமாகிவிட்டது.

கத்தோலிக்கருக்கு ஆண்டில் திருப்பலி இல்லாத நாள் பெரிய வெள்ளி. பீடம் துணியின்றி வெறுமையாக இருக்கும். மணி அடிக்காது, மரக்கட்டையைத் தட்டி ஓசை எழுப்புவார்கள். சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளை வெயிலில் நடந்து முடித்து, பிற்பகலில் சிலுவையை முத்தமிடுவார்கள். பரங்கிமலைப் படிகளில் ஏறியே சிலுவைப் பாதை செய்கிறவர்கள் தவக்காலம் முழுவதும் உண்டு.

பல ஆலயங்களில் ஆராதனை முடிந்ததும் கஞ்சி. முதல் நாளே ஊறவைத்த பயறு, நொய்யரிசி, தேங்காய், தொட்டுக்கொள்ளத் துவையல். பெரிய அண்டாவிலிருந்து முகந்து ஊற்றுவார்கள். உப்பு போதாது, அதைப்பற்றி யாரும் பேசமாட்டார்கள். வங்கி மேலாளரும் வளாகம் கூட்டும் அம்மாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஊதிக் குடிப்பார்கள். சித்தாந்தம் படிக்காதவர்களுக்கும் அந்த நாளின் பொருள் வயிற்றில் இறங்கும் நேரம் அது.

இந்தத் துக்கத்துக்குத் தமிழில் தனி இலக்கிய மரபு உண்டு. கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து அங்கேயே வாழ்ந்து மறைந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரிடம் தவக்காலத்தில் இழுத்து ராகமிட்டு வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஒப்பாரி தெரிந்த காதுக்கு அது சொந்த ஓசை. யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகத்தைப் போர்க்காலத்திலும் மேடையேற்றியது. கவிஞர் கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' பாடுகளின் கதையைக் கம்பன் நடையில் பாடியது. பாடுகளைப் பாடத் தமிழுக்குச் சொல் வளம் இயல்பாக இருந்தது. உயிர்ப்பைப் பாடுவது அதைவிடக் கடினமான வேலை.

நெருப்பும் விடியலும்

சனிக்கிழமை இரவு கத்தோலிக்கக் கோவிலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு வெளியே புது நெருப்பு மூட்டுகிறார்கள். அதிலிருந்து பாஸ்கா திரி ஏற்றப்படுகிறது. அந்தத் திரியில் சிலுவைக் குறியும் அந்த ஆண்டின் எண்ணும் இருக்கும்; ஐந்து காயங்களின் நினைவாக ஐந்து சாம்பிராணி மணிகள் பதிக்கப்படும். உயிர்ப்பின் வெளிச்சமே காயங்களைச் சுமந்துகொண்டுதான் கோவிலுக்குள் நுழைகிறது. பிறகு ஒருவர் திரியிலிருந்து அடுத்தவர் திரிக்கு என்று வெளிச்சம் பரவும். இந்த இரவு வழிபாடு நூற்றாண்டுகளாகச் சனிக்கிழமை காலையிலேயே நடந்துகொண்டிருந்தது. போப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1951இல் சோதனையாகவும் 1955இல் உறுதியாகவும் அதை இரவுக்கு மீட்டார்.

அந்த இரவின் வாசகங்களில் கட்டாயம் வாசிக்கப்படுவது செங்கடலைக் கடந்த கதை. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. அடுத்த ஈஸ்டர் 2016 மார்ச் 27. மாடியில் நின்று படகுக்குக் கையசைத்த மக்கள் நாலு மாதத்துக்குள் அந்த வாசகத்தைக் கேட்டார்கள். தண்ணீர் விலகி வழிவிட்டது என்ற வரி அந்த ஆண்டு யாருக்கும் பழங்கதையாக இருந்திருக்க முடியாது. வாசகங்களுக்குப் பின் தண்ணீரை மந்திரிப்பார்கள். பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். கோடைத் தொடக்கத்தில், லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கிற ஊரில், தண்ணீரைப் புனிதம் என்று சொல்வதற்கு விளக்கம் தேவையில்லை.

சி.எஸ்.ஐ. மக்களுக்கு விடியற்காலை ஆராதனைதான் உயிர். நற்செய்திகளும் அந்த நேரத்தையே சொல்லுகின்றன. இருட்டோடு கல்லறைக்குப் போனவர்கள் பெண்கள். நீதிமன்றத்தில் பெண்ணின் சாட்சியத்துக்குப் பெரிய மதிப்பில்லாத காலத்தில் முதல் சாட்சிகளாக அவர்களே நிற்கிறார்கள். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய பிரதிகள் அந்தப் பெண்கள் பயந்து யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடிய இடத்தோடு முடிந்துவிடுகின்றன. முதல் ஈஸ்டர் வெற்றி முழக்கத்தோடு தொடங்கவில்லை, நடுக்கத்தோடு தொடங்கியது. 2020 ஏப்ரல் 12 ஊரடங்கில் ஆலயக் கதவுகள் பூட்டிக் கிடக்க, கைபேசித் திரையின் முன் மெழுகுவத்தி ஏற்றிய வீடுகளில் அந்த நடுக்கம் எங்களுக்கும் புரிந்தது.

ஆராதனை முடிந்து கைகுலுக்கல், பகல் வீட்டில் பிரியாணி. முட்டைக்கு இங்கே பெரிய இடமில்லை. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் முட்டையும் விலக்கப்பட்டதால், நோன்பு முடிந்த நாளில் குவிந்திருந்த முட்டை விருந்தானது. நமக்கு விலக்கு இறைச்சிதான். ஆகவே விருந்தும் இறைச்சிதான். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பெரிய வெள்ளிக்குச் சிலுவைக் கோடிட்ட பன்னையும் ஈஸ்டருக்கு இனிப்பு முட்டையையும் காத்து வந்தார்கள். பேக்கரிகள் வழியாக அவை இப்போது மற்றவர் வீட்டுக்கும் வருகின்றன. நாளைக் குறித்துக் கொண்டாடாமல், ஒவ்வொரு ஞாயிறும் உயிர்ப்பின் நாளே என்று வைத்துக்கொள்ளும் சபைகளும் இதே தெருக்களில் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கிறிஸ்தவர் ஓய்வுநாளைச் சனியிலிருந்து ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டதற்கே உயிர்ப்புத்தான் காரணம்.

மலையும் கல்லூரியும்

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு தோமாவின் கதை வாசிக்கப்படும். மற்ற சீடர்கள் உயிர்த்தவரைப் பார்த்தபோது தோமா அங்கே இல்லை. ஆணித் தழும்பைக் கண்டு, விலாவில் கை வைத்தாலொழிய நம்பமாட்டேன் என்றார். எட்டு நாள் கழித்து இயேசு வந்து அவரிடமே கையை நீட்டினார். ஓவியர் கரவாஜியோ 1600களின் தொடக்கத்தில் தீட்டிய படத்தில் தோமாவின் விரல் காயத்துக்குள் போகிறது. யோவான் நற்செய்தியில் அவர் தொட்டதாக எழுதப்படவில்லை. அழைப்பு மட்டும் இருக்கிறது. தொட்டாரோ இல்லையோ, தோமா அடையாளம் கேட்டது முகத்தை வைத்தல்ல, தழும்பை வைத்து.

அந்தத் தோமா இந்தியாவுக்கு வந்து, 72இல் பரங்கிமலையில் குத்துண்டு இறந்தார் என்பது நெடுங்கால மரபு நம்பிக்கை. போர்த்துக்கீசியர் 1523இல் அங்கே ஆலயம் எழுப்பினார்கள். 1547இல் அங்கு அகழ்ந்தபோது பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை கிடைத்தது. இன்றும் அது பீடத்தில் இருக்கிறது. சைதாப்பேட்டையின் சின்னமலையும் தோமாவின் நினைவிடமே. அங்கே திருவிழா ஈஸ்டர் காலத்தில்தான் வருகிறது. 1986 பிப்ரவரியில் போப் இரண்டாம் ஜான் பால் பரங்கிமலைக்கு வந்து ஜெபித்தார். வரலாற்றுச் சான்று எவ்வளவு என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. ஆனால் சந்தேகப்பட்டவரின் மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழும் மக்களுக்குச் சந்தேகம் பாவமல்ல என்ற ஆறுதல் தலைமுறை தலைமுறையாகக் கிடைத்திருக்கிறது.

மலையிலிருந்து தெற்கே சில ரயில் நிலையங்கள் தள்ளிச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. 1937இல் அது நகரத்தை விட்டுத் தாம்பரத்தின் புதர்க்காட்டுக்குக் குடிவந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் சர்வதேச மிஷனரி ஆலோசனை மன்றம் அந்த வளாகத்தில் கூடியது. ஏறத்தாழ 470 பிரதிநிதிகள். நற்செய்திக்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்று டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் வாதிட்டார். அதை மறுத்து அதே 1938இல் சென்னையிலிருந்து ஒரு கூட்டு நூல் வந்தது. அதன் பின்னிருந்தவர்களில் பாண்டிப்பெத்தி செஞ்சையாவும் வெ. சக்கரையும் முக்கியமானவர்கள். இருவரும் அந்தக் கல்லூரியின் மாணவர்கள், ஒருவர் நீதிபதி, மற்றவர் வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர். செஞ்சையாவின் பார்வையில் இயேசு புதிய படைப்பு. மனித குலத்துக்குள் நுழைந்த புது உயிர்ச்சக்தி. சக்கரை சிலுவையை இந்தியச் சிந்தனையோடு உரசிப் பார்த்து 1932இல் ஒரு நூலே எழுதினார். உயிர்ப்பைப் பற்றி இந்தியர் தம் மொழியில், தம் மரபில் சிந்திக்கலாம் என்ற உரிமைக்காக அவர்கள் நடத்திய வாதம் அது. விபூதி, ஒருசந்தி, குருத்தோலை, கஞ்சி என்று எளிய மக்கள் சமையலறையிலும் தெருவிலும் செய்துகொண்டிருந்ததற்காக அவர்கள் அறிவுலகில் வாதாடினார்கள் என்றே நான் கருதுகிறேன்.

தழும்பு எதைச் சொல்லுகிறது

2019 ஏப்ரல் 21, இலங்கையில் ஈஸ்டர் காலை. கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஓட்டல்கள். குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீயோனில் பலியானவர்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பலர். அதற்குப் பின் ஒவ்வொரு ஈஸ்டரும் அந்த மக்களுக்கு நினைவுநாளுமாகிவிட்டது. மகிழ்ச்சியான பண்டிகையில் துக்கத்தைக் கலக்கலாமா என்று அவர்களிடம் யார் கேட்க முடியும்? கலக்காமல் கொண்டாட இந்தப் பண்டிகை ஒருபோதும் கேட்டதில்லை. ஐந்து சாம்பிராணி மணிகளும், சாவு வீட்டுக்கு வரும் அப்பத் துண்டும், உப்புக் குறைந்த கஞ்சியும் அதைத்தான் சொல்லிவந்திருக்கின்றன.

அப்பா இறந்த ஆண்டு அம்மா ஈஸ்டருக்குப் புதுப்புடவை எடுக்கவில்லை. வர மாட்டாள் என்று நினைத்தேன். மூன்று மணிக்கே எழுந்து, துவைத்து மடித்த பழைய வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டினாள். ஆராதனை முழுவதும் பாடவில்லை. பாட்டுப் புத்தகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தாள். முடிந்ததும் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம் என்றாள். விடிந்துகொண்டிருந்தது. எங்களைப் போல இன்னும் நாலைந்து குடும்பங்கள் அங்கே நின்றன. காற்றில் அணைந்த மெழுகுவத்தியைப் பக்கத்துக் கல்லறைக்கு வந்த முன்பின் தெரியாத பெண் தன் திரியிலிருந்து ஏற்றிக் கொடுத்தாள். அம்மா அதை வாங்கி ஊன்றிவிட்டு, சிமெண்டின் மேல் உதிர்ந்திருந்த வேப்பம்பூவைக் கையால் ஒதுக்கி, அப்பாவின் பெயரைத் துடைத்தாள்.